தேநீருக்கு இருபத்திரண்டு நிமிடம்

என்னுடைய 1991 டைரியின் ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரமாக ஒரு பென்சில் கோடு இருக்கிறது. கோட்டுக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் அகலத்தில் ஒரு கட்டம். அதன் தலைப்பில் 'அவர்' என்று எழுதியிருக்கிறேன். ஆண்டின் முதல் நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, அடிக்கோலை வைத்து டிசம்பர் வரைக்கும் ஒரே மூச்சில் அந்தக் கோட்டைப் போட்டு முடித்தேன். என் மனைவி பார்த்துவிட்டு, "இன்னாங்க, வருஷம் பொறந்ததும் பொறக்காததுமா மளிகைக் கடை நோட்டாட்டம் கோடு போட்டுகினு கீறீங்க?" என்றாள்.

"ஒரு ஒழுங்குக்குத்தான்" என்றேன்.

ஒழுங்குக்கு இல்லை. 'அவர்' என்றால் என் பக்கத்து மேசைக்காரர். ஒரகடம் கூட்டுரோட்டிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் உள்ளே தள்ளி இருந்த சிறிய தொழிற்சாலை ஒன்றில் நாங்கள் இருவரும் இன்ஸ்பெக்டர்கள். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒன்பது ஆண்டுகளாக ஒரே அறையில், நான்கு அடி இடைவெளியில் உட்கார்ந்திருந்தோம். அப்போது இருவருக்குமே நாற்பத்து மூன்று வயது. அவர் என்னைவிட ஐந்து மாதம் இளையவர் என்பது எனக்குத் தெரியும். நான் மூத்தவன் என்பது அவருக்குத் தெரியுமா என்று தெரியாது. நான் ஸ்ரீபெரும்புதூரில் கோயில் குளத்துக்குப் பின்னால் வாடகை வீட்டில் இருந்தேன். வல்லம் வழியாகப் போகும் ஏழு பத்து பஸ்ஸில் நின்றுகொண்டு வருவேன். அவருக்குச் சேரப்பணஞ்சேரியில் சொந்த வீடு. மொபெட்டில் வருவார்.

பாருங்கள், ஒரு மனிதரை அறிமுகப்படுத்த நினைத்தேன். இருவரையும் அருகருகே வைத்துத்தான் எழுத வருகிறது. அந்த ஆண்டு முழுக்க எனக்கு அப்படித்தான் இருந்தது.

அந்தக் கட்டத்தில் என்னென்ன எழுதினேன் என்பதை இப்போது படிக்கக் கூச்சமாக இருக்கிறது. 'புதுச் செருப்பு.' 'மகள் கணக்கில் 91' (என் மகள் 84). 'மேனேஜர் இவரிடம் சிரித்துப் பேசினார், 3 நிமிடம்.' 'வீட்டுக்கு மெத்தை போட்டாயிற்றாம்.' காங்கிரீட் கூரை போட்ட செய்தியை நான் கேட்டு வரவில்லை. என் மனைவிதான் கேட்டு வந்தாள். அவருடைய மனைவியைப் படப்பை சந்தையில் பார்த்திருக்கிறாள். "ஓட்டைப் பிரிச்சிட்டு மெத்த போட்டாங்களாம். மழைக்குச் சட்டி வெக்கிற வேலையே இல்லியாம்" என்று சோறு போட்டுக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு அவளும் எங்கள் வீட்டு ஓட்டுக் கூரையை அண்ணாந்து பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

ஆனால் அந்தக் கட்டத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகமுறை வருவது ஒரே ஒரு சொல். 'டீ.' அதற்குப் பக்கத்தில் நிமிடம். டீ 22 நி. டீ 19 நி. டீ 25 நி. காலையில் இரண்டு முறை, மாலையில் இரண்டு முறை. அது ஏன் என்று புரிய எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நாங்கள் பார்த்தவை பிஸ்டன் பின்கள். எஞ்சினுக்குள் பிஸ்டனையும் அதன் தண்டையும் கோக்கிற, கட்டைவிரல் பருமனுள்ள எஃகு உருளைகள். கிரைண்டிங் மெஷினிலிருந்து வரும் பின்களைக் கம்பாரேட்டர் என்ற கருவியில் வைத்துப் பார்ப்போம். அது அளவு சொல்லும் கருவி இல்லை. ஒரு பின் எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால் அதற்குத் தெரியாது. காலையில் மரப்பெட்டியிலிருந்து மாஸ்டரை எடுப்போம். மாஸ்டர் என்பது சரியான அளவு என்று சான்றிதழோடு வந்த பின். அதைக் கருவியின் மேடையில் வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்புவோம். அதற்கப்புறம் வைக்கிற ஒவ்வொரு பின்னும் மாஸ்டரைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்பதை மட்டும் முள் காட்டும். கணக்கு மைக்ரானில். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒன்று ஒரு மைக்ரான். முள் பூஜ்யத்துக்கு மேலே போகக் கூடாது, மைனஸ் ஐந்துக்குக் கீழே இறங்கக் கூடாது. இடையில் நின்றால் பாஸ். தீக்குச்சி முனையைப் பெயிண்டில் தொட்டு, பின்னின் தலையில் ஒரு புள்ளி வைப்போம். என் பெயிண்ட் நீலம். அவருடையது மஞ்சள். அந்தப் புள்ளிதான் எங்கள் கையெழுத்து. பின்கள் பெட்டியில் கலந்து, சென்னையிலுள்ள எஞ்சின் கம்பெனிக்குப் போய், எங்கிருந்து திரும்பி வந்தாலும் புள்ளியைப் பார்த்து யார் பாஸ் செய்தது என்று சொல்லிவிடலாம்.

ஒரு தட்டில் நூறு பின்கள். நான் ஒரு நாளைக்கு ஏழு தட்டு பார்ப்பேன். அவர் ஆறு. மாலையில் மேனேஜர் கரும்பலகையில் 'நீலம் 7, மஞ்சள் 6' என்று எழுதுவார். அந்த எண்ணில் எனக்கு நிம்மதி இருந்திருக்க வேண்டும். இல்லை. ஏனென்றால் என் நீலம் இரண்டு முறை திரும்பி வந்திருந்தது. அவருடைய மஞ்சள் ஒன்பது ஆண்டுகளில் ஒருமுறைகூட வரவில்லை. ஒரு தட்டு வந்ததும் எழுந்து டம்ளரை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறவர், குழாயடியில் அந்த டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்க்கிறவர், வாட்ச்மேனோடு மாடு கன்று ஈன்ற கதை பேசுகிறவர், அவருக்கு எப்படித் திரும்பி வராமல் இருக்கும்? இருபத்திரண்டு நிமிடம் டீ குடிக்கிற ஆளுக்கு? நான் நான்கு நிமிடத்தில் குடித்து முடித்துவிட்டு மேசைக்கு வந்துவிடுவேன். வந்து அவருடைய காலி நாற்காலியையும் கடிகாரத்தையும் பார்ப்பேன்.

அந்த ஆண்டு மே மாதத்தில் எங்கள் ஊரின் பெயரை நாடு முழுவதும் தெரிந்துகொண்டது. அதைப் பற்றி எழுத வேண்டியவர்கள் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல முடிந்தது ஒன்றுதான். தொழிற்சாலை மூடியிருந்த நாட்களில் மட்டும் என் கட்டம் காலியாக இருக்கிறது. திறந்த முதல் நாளே 'டீ 21 நி.' என்று எழுதியிருக்கிறேன். ஊரே பேச்சு அடங்கிக் கிடந்தபோது நான் கடிகாரம் பார்த்திருக்கிறேன்.

ஜூன் மாதம் மேனேஜர் எங்களை அழைத்து, "ரெண்டு பேர்ல ஒருத்தரை இன்ஸ்பெக்‌ஷன் இன்சார்ஜ் ஆக்கப் போறோம். ஜனவரியில இருந்து. போர்டைப் பார்ப்பேன், ரிட்டர்னைப் பார்ப்பேன். வேற எதையும் பார்க்க மாட்டேன்" என்றார்.

வெளியே வந்ததும் அவர் என்னிடம், "நீங்களே ஆயிடுங்க சார். இந்த ஃபைலு, மீட்டிங்கு எல்லாம் எனுக்கு ஒத்து வராது" என்றார்.

நான் அன்று எழுதியது: 'விரும்பாதது போல் பேச்சு.'

எனக்கு அந்தப் பதவி வேண்டும். அதை மறைத்து எழுதிப் பயனில்லை. சம்பளத்தில் பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. ஆனால் அவர் இன்சார்ஜ் ஆனால், நான் பார்த்த தட்டுகளின் தாளில் அவர் கையெழுத்து போடுவார். தினமும். அந்த நினைப்பு வந்தால் பஸ்ஸில் இடம் கிடைத்தாலும் எனக்கு உட்காரப் பிடிக்காது. வல்லம் ஏரிக்கரை வரும்வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, அவர் இந்நேரம் மொபெட்டில் எங்கே வந்துகொண்டிருப்பார் என்று கணக்குப் போடுவேன். ஜூலையில் என் எண்ணிக்கை எட்டாயிற்று. அவருடையது ஆறிலேயே நின்றது. டீயும் குறையவில்லை.

ஆவணியில் அவருடைய மைத்துனிக்குக் கல்யாணம். வாலாஜாபாத்துக்குக் குடும்பத்தோடு போனார், மூன்று நாள் விடுப்பு. போவதற்கு முந்தின மாலை, "என் டேபிளுக்கு வர்ற தட்டு எல்லாம் அப்டியே நிக்கட்டும் சார், நான் வந்து பாத்துக்குறேன்" என்றார். சரி என்றேன்.

மறுநாள் காலை நான் அவருடைய நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

என் காரணம் இது. அவருடைய மேசை ஜன்னலோரம். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கிரைண்டிங் மெஷின். ஆபரேட்டர் தட்டை ஜன்னல் திண்டில் வைத்தால் கையை நீட்டி எடுத்துக்கொள்ளலாம். என் மேசைக்குத் தட்டுகள் சுற்றி வரும். கழுவி, எண்ணெய் தடவி, நடைபாதையில் தள்ளுவண்டியில் ஒரு மணி நேரம் நின்று, அப்புறம் வரும். ஆகவே அவருடைய ரகசியம் அந்த மேசைதான், அந்தக் கம்பாரேட்டர்தான் என்று முடிவு செய்திருந்தேன். நல்ல மேசை அவருக்கு வாய்த்துவிட்டது, எனக்கு வாய்க்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் இப்படி ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தால் அது காரணமாகவே ஆகிவிடுகிறது.

முதல் தட்டை எடுத்தேன். பத்துப் பின் பார்ப்பதற்குள் ஒன்று புரிந்தது. பாதிக்கு மேல் முள் பூஜ்யத்தைத் தாண்டி நின்றது. பருமன் கூடுதல். கிரைண்டிங்கில் போதிய அளவு தேயவில்லை. இத்தனை காலம் இந்த மெஷினை இவர் இப்படியா விட்டு வைத்திருந்தார் என்று எனக்குள் ஒரு குதிப்பு. ஜன்னல் வழியாக ஆபரேட்டரைக் கூப்பிட்டு, "மூணு மைக்ரான் இறக்கு" என்றேன்.

அவன் காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, "அந்த சார் எப்பவும் இதே செட்டிங்ல தான் ஓட்டச் சொல்லுவாரு" என்றான்.

"அந்த சார் இன்னிக்கு இல்ல. இறக்கு."

இறக்கினான். அதன்பின் முள் அழகாக நடுவில் வந்து நின்றது. நான் நிறுத்தவே இல்லை. கையை நீட்டு, எடு, வை, பார், புள்ளி. என் நீலப் பெயிண்ட் என் மேசையில் இருந்தது, நான்கு அடி தூரத்தில். எழுந்து எடுக்கவில்லை. கைக்கு எட்டின மஞ்சளையே தொட்டேன். அன்றைய டைரியில் இதையும் எழுதியிருக்கிறேன்: 'அவர் மேசை. மஞ்சளிலேயே வைத்தேன். வந்ததும் சொல்லிக்கொள்ளலாம்.' மூன்று நாளில் ஒன்பது, ஒன்பது, பத்து. பத்துத் தட்டைக் கரும்பலகை அதுவரை பார்த்ததில்லை. 'நீலம் 10' என்று எழுதிவிட்டு மேனேஜர் சுண்ணக்கட்டியால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார்.

பின்கள் கையில் இளஞ்சூடாக இருந்தது நினைவிருக்கிறது. அந்த மாதம் எல்லாமே சூடாகத்தான் இருந்தது. நாற்காலி, பேனா, குழாய்த் தண்ணீர்.

அவர் கல்யாணத்திலிருந்து திரும்பி வந்தார். முறுக்கும் லட்டும் ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். மெஷின் செட்டிங் மாறியிருப்பதைப் பார்த்துத் தானே பழையபடி ஆக்கிக்கொண்டார். யார் மாற்றியது என்று கேட்கவில்லை. நானும் மஞ்சளைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று நினைத்து இல்லை. அன்று லட்டை வாங்கிக்கொண்டு சொல்ல ஒரு மாதிரியாக இருந்தது. மறுநாள் மறந்தேன்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் சென்னையிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. மேனேஜர் அதை எங்கள் அறைக்குத் தூக்கி வந்து மேசை மேல் கவிழ்த்தார். இருபது, முப்பது பின்கள். எல்லாம் அளவு குறைவு. ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் புள்ளி.

"யாரு மஞ்சள்?" என்று தெரிந்துகொண்டே கேட்டார்.

"என்னுதுதான் சார்" என்றார் அவர். ஒன்றை எடுத்துக் கம்பாரேட்டரில் வைத்தார். மைனஸ் ஏழு. இன்னொன்று. மைனஸ் ஏழு. மூன்றாவதை வைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார். "எப்டி வுட்டேன்னு தெர்ல சார்."

நான்கு அடி தள்ளி நான் நின்றிருந்தேன். அந்த நொடியில் எனக்குள் வந்தது சந்தோஷம். கலப்பில்லாத, குழந்தைத்தனமான சந்தோஷம். இதை எழுதாமல் மற்றதை எழுதுவதில் அர்த்தமில்லை.

வீட்டுக்கு வந்து டைரியைத் திறந்தேன், அந்தச் சந்தோஷத்தைப் பதிய. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த சீட்டில் எந்த வாரத்துப் பின்கள் என்று போட்டிருந்தது. அந்த வாரத்தைத் திருப்பினேன். 'அவர் மேசை. மஞ்சளிலேயே வைத்தேன்.'

அப்போதும்கூட எனக்கு முழுக்கப் புரியவில்லை. அவருடைய கம்பாரேட்டர் பழுது, நான் என்ன செய்ய முடியும் என்றுதான் நினைத்தேன். மறுநாள் காலை மேனேஜர் அவரை நிற்க வைத்து, எப்படிப் பார்க்கிறீர்கள், ஒன்று விடாமல் சொல்லுங்கள் என்று கேட்டார். அவர் சொன்னார்:

"மெஷின்லருந்து சூடா வரும் சார். சூட்டுல பின்னு உப்பிகினு இருக்கும், முள்ளு மேல காட்டும். அது ஆறுற வரிக்கும் நான் தொட்றதே இல்ல. அதுக்குன்னுதான டீக்கே போறது. வந்து கன்னத்துல வெச்சுப் பாப்பேன். சில்லுனு இருந்தாத்தான் டேபிளுக்கு."

நான் அப்போது என் தட்டிலிருந்து ஒரு பின்னை எடுத்துக்கொண்டிருந்தேன். அதைத் திரும்பத் தட்டிலேயே வைத்தேன்.

உலோகம் சூட்டில் விரியும் என்பது எனக்குத் தெரியாததா? பயிற்சியில் படித்ததுதான். ஆனால் என் மேசைக்கு ஒன்பது ஆண்டுகளில் ஒரு சூடான தட்டுகூட வந்ததில்லை. நடைபாதையில் ஆறிவிட்டுத்தான் வந்தது. நான் சூட்டில் பார்த்து, பருமன் கூட என்று நினைத்து, மெஷினையும் மூன்று மைக்ரான் இறக்கச் சொல்லி, பத்துத் தட்டு போட்டு, வட்டமும் வாங்கியிருந்தேன். ஆறிய பிறகு அவை சுருங்கி, எங்கேயோ ஒரு சென்னைக் கிடங்கில் மஞ்சள் புள்ளியோடு கிடந்தன. அந்த ஆண்டு அவருடைய தேநீர் நேரத்தை நான் எண்ணூறு முறைக்கு மேல் குறித்திருக்கிறேன். ஏன் என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை.

சொல்லியிருக்க வேண்டியது அன்றே. பதினெட்டு நாள் சொல்லவில்லை.

அந்தப் பதினெட்டு நாளில் அவர் மாறிக்கொண்டே போனார். ஒவ்வொரு பின்னையும் இரண்டு முறை பார்த்தார். ஆறு தட்டு நான்கானது. டீக்குப் போனால் நாற்பது நிமிடம். பலகையில் 'நீலம் 8, மஞ்சள் 4.' நான் எப்போதும் ஆசைப்பட்ட இடைவெளி. அதைப் பார்க்காமல் இருக்க நான் கேட் பக்கமாகச் சுற்றிப் போனேன். ஒரு நாள் அவர் என்னைக் கூப்பிட்டார்.

"சார், ஒங்குளுக்குக் கண்ணு நல்லா கீதில்ல? இந்த முள்ளு எங்க நிக்குது, பாத்துச் சொல்லுங்க."

"மைனஸ் ரெண்டு."

"எனுக்கும் ரெண்டுதான் தெரியுது. ஆனா நம்ப முடியல."

அந்த வாரமே கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். நாற்பது தாண்டினால் எல்லாருக்கும் வேண்டியதுதான் என்று கண் டாக்டர் சொன்னாராம். "இத்தப் போட்டாத்தான் சார் பேஜாரு. இப்ப ரெண்டு முள்ளு தெரியுது. எந்த முள்ள நம்புறதுன்னு தெர்ல" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு என் மேசைக்கு வந்து, மாஸ்டரை வைத்து முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன். ஏற்கெனவே பூஜ்யத்தில்தான் இருந்தது.

தீபாவளி வந்தது. என் மனைவி அவளுடைய அண்ணன் வீட்டில், ஜனவரியிலிருந்து நான் இன்சார்ஜ் என்று சொல்லிவிட்டு வந்தாள். "இன்னும் சொல்லலடி" என்றேன். "அவரு பின்னு தான் வாபஸ் வந்துடுச்சே. அப்புறம் யாரு, நீங்கதான?" என்றாள். அதற்குமேல் வைத்துக்கொள்ள முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மிக்சரைத் தட்டில் கொட்டிக்கொண்டிருந்தவள் கையை எடுத்தாள்.

"மஞ்ச நீங்க வெச்சதா?"

"ஆமா."

"அந்தம்மா சந்தையில என்னப் பாத்துட்டுப் பார்க்காத மாதிரி போச்சுங்க. மெத்த போட்ட திமிருன்னு நெனச்சேன். புருஷன் பேரு கெட்டுப்போச்சேன்னு போயிருக்குது." மிக்சர் பொட்டலத்தை மடித்து வைத்தாள். "அந்த மனுஷன் தப்பே பண்ணாம கண்ணாடி வேற போட்டுகினு உக்காந்துகினு கீறாரு. நீங்க இன்னா, எழுதி வெச்சிகினு இருக்கீங்களா?"

எழுதி வைத்திருந்ததுதான் சிக்கல். வாயால் சொன்னால் மேனேஜர் நம்ப மாட்டார். நண்பனுக்காகப் பழியை ஏற்கிறான் என்று நினைப்பார், அல்லது நினைப்பதாகச் சொல்லி முடித்துவிடுவார். எந்த நாள், எத்தனை தட்டு, எந்த மெஷின் செட்டிங் என்று என் டைரியில் மட்டும்தான் இருந்தது. ஆனால் டைரியைக் காட்டினால் அந்தக் கட்டமும் தெரியும். மூன்று பக்கத்தை மட்டும் கிழித்து எடுத்துப் போகலாமா என்று பிளேடையும் கையில் எடுத்தேன். கிழித்த காகிதத்தை யார் சாட்சியாக எடுத்துக்கொள்வார்கள்? முழு டைரியையும் பையில் வைத்துக்கொண்டு போனேன். அன்று ஏழு பத்து பஸ்ஸை விட்டுவிட்டு ஆறு ஐம்பதுக்கே ஏறினேன். உட்கார்ந்திருந்தால் இறங்கிவிடுவேனோ என்று பயந்து நின்றேன்.

மேனேஜர் அறையில் அவரையும் கூப்பிடச் சொன்னேன். மூன்று பக்கங்களையும் காட்டினேன், வாயாலும் சொன்னேன். மேனேஜர் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துப் படித்தார். பிறகு நான் பயந்தபடியே முன்னும் பின்னும் புரட்டினார்.

"இது என்ன, டீ இருபத்திரண்டு, டீ பத்தொன்பது?"

 அவர் மேனேஜர் கையிலிருந்து டைரியை வாங்கினார். புதுக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, டைரியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் படித்தார். ஜனவரியில் ஆரம்பித்து நிதானமாக. செருப்பு, மகளின் மதிப்பெண், மெத்தை, மேனேஜரின் மூன்று நிமிடச் சிரிப்பு, எல்லாம்.

"ஒரு நாளுகூட வுடல" என்றார். ஜூலைக்கு வந்ததும் நிறுத்தினார். "இந்தப் பதினொண்ணாந்தேதி முப்பத்தஞ்சு நிமிஷம் போட்டுகீறீங்களே, அன்னிக்கி நான் டீக்கே போல சார். வயிறு சரியில்ல, கக்கூஸுக்குப் போனேன்."

மேனேஜர் சிரித்துவிட்டார். நாங்கள் இருவரும் சிரிக்கவில்லை.

டைரியை மூடி என் பக்கமாகத் தள்ளினார். "ஏன்யா டீக்கு இவ்ளோ நேரம்னு ஒரு வாட்டி கேட்டுகினு இருந்தா சொல்லியிருப்பேனே" என்றார். ஒன்பது ஆண்டுகளில் என்னை அவர் 'யா' போட்டுப் பேசியது அன்று ஒருநாள்தான். கதவுவரை போனவர் திரும்பி, "செட்டிங்க மாத்துனது நீங்கதான்னு அன்னிக்கே தெரியும். ஆபரேட்டர் சொன்னான். அத்தக் கேட்டா நீங்க சங்கடப்படுவீங்களேன்னு வுட்டேன்" என்றார்.

எனக்கு ஒரு மெமோ. இன்சார்ஜ் அவர். மேனேஜர் அதை ஜனவரிவரை தள்ளிப்போடாமல் அப்போதே சொன்னார். அதோடு, அந்த மூன்று நாள் பின்களில் மீதியிருந்தவை சென்னைக் கிடங்கில் மற்றவற்றோடு கலந்து கிடந்தன, எஞ்சினில் ஏறுவதற்குள் பிரித்தாக வேண்டும். இரண்டு பேரும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். அவர் வேறு ஆளைக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். "வேற யாருக்கும் தெரியாது சார், நாங்களே போறோம்" என்றார்.

நல்ல மழை. ஸ்ரீபெரும்புதூரில் சந்தித்து, ஒரே பஸ்ஸில் ஒரே சீட்டில் போனோம். இரண்டு கம்பாரேட்டர்களையும் மடியில் ஆளுக்கொன்றாக வைத்துக்கொண்டோம். பூந்தமல்லி வரை அவர் பேசியது ஒரே ஒரு வாக்கியம். "ஜன்னலச் சாத்துங்க, கருவி நனையும்." கிடங்கில் ஒரு நீள மேசையைக் காட்டினார்கள். அவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை. மஞ்சள் புள்ளி வைத்தவை எல்லாவற்றையும் மறுபடி பார்க்க வேண்டும். மாஸ்டரை அவர் முதலில் வைத்துப் பூஜ்யம் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். பின்கள் குளிர்ந்து கிடந்தன. நான் ஒன்றைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். அவர் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்.

பிற்பகல் மூன்றரைவரை நிமிரவில்லை. என் கையெழுத்துப் போல அவர் கையெழுத்தை நான் போட்டு வைத்திருந்த பின்கள் ஒவ்வொன்றாக வந்தன. மைனஸ் ஆறு, மைனஸ் ஏழு, மைனஸ் ஆறு. நல்ல பின்களும் இடையிடையே வந்தன, அவை அவருடையவை. குறைவானவற்றை இடப்பக்கச் சாக்கில் போட்டேன். என் பக்கம் சாக்கில் விழும் சத்தத்தையும் அவர் பக்கம் தட்டில் வைக்கும் சத்தத்தையும் என்னால் தனித்தனியாகக் கேட்க முடிந்தது. கேட்காமல் இருக்கத்தான் முடியவில்லை.

கிடங்குக்காரர் எத்தனை பார்த்திருக்கிறீர்கள் என்று எழுதித் தரச் சொன்னார். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "ஒங்குளுது எத்தினி ஆச்சு?" என்றார்.

"நானூத்திப் பதினேழு."

தன்னுடையதை அவர் சொல்லவில்லை. உதடு அசைய மனதுக்குள் கூட்டினார். "மொத்தம் எண்ணூத்தி எழுவத்தி ஒண்ணு. எழுதிக் குடுங்க, போயி சாப்ட்டு வர்லாம்."

எண்ணூற்று எழுபத்தொன்று என்று எழுதினேன். எழுதி முடிப்பதற்குள்ளேயே கழித்தும் பார்த்திருந்தேன். அவருடையது நானூற்று ஐம்பத்து நான்கு. முப்பத்தேழு அதிகம். தாளைக் கொடுத்துவிட்டு, என் குடைக்காக வாசலில் நின்றுகொண்டிருந்தவரிடம் போனேன்.